தமிழர் கண்ட அளவை நெறி

மக்கள் வாயிலிருந்து நாள்தோறும் பிறக்கும் சொற்றொடர்கள் எண்ணிலடங்கா. அவையனைத்தும் மெய், பொய் என்னும் தேர்வுக்கு உட்படுவன அல்ல. 'கதவைத் திற' என்பது ஏவல். 'எப்போது வந்தீர்கள்?' என்பது வினா. 'நீடு வாழ்க' என்பது வாழ்த்து. இவற்றைக் கேட்டு 'இது மெய்' என்றோ 'இது பொய்' என்றோ எவரும் சொல்வதில்லை. 'மாதுங்காவில் மழை பெய்கிறது' என்று ஒருவர் கூறினால் நிலைமை மாறிவிடுகிறது. அக்கூற்று மெய்யாக இருக்க வேண்டும். அன்றேல் பொய்யாக இருக்க வேண்டும். எது என்று அறியச் சன்னலைத் திறந்து பார்க்கலாம். நனைந்த குடையோடு வருபவரைக் கண்டு கருதலாம். நம்பத்தக்க ஒருவர் சொல்லக் கேட்கலாம். இம்மூன்றனுள் எவ்வழி எந்த அளவுக்குத் துணிவு தரும் என ஆராயும் கலையே தருக்கம் எனப்படுவது. தமிழ்ச் சான்றோர் இதற்கு இட்ட பெயர் அளவை.

பெயரே பொருள் பொதிந்தது. நெல்லை மரக்காலால் அளக்கிறோம். நிலத்தைக் கோலால் அளக்கிறோம். பொன்னைத் துலாத்தில் நிறுக்கிறோம். அவ்வாறே ஒருவர் கூறும் கூற்றை அளக்கவும் ஒரு கருவி வேண்டும் என்பதே அச்சொல்லின் உட்கிடை. மேலைநாட்டார் இக்கலையின் வரலாற்றைக் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலிடமிருந்து தொடங்குவர். வடமொழியாளர் அக்கபாதர் எனப்படும் கௌதமரின் நியாய சூத்திரத்தை முன்வைப்பர். தமிழில் இக்கலை எவ்வாறு வளர்ந்தது என்பதையும், பிழைப்புத் தேடி மும்பை மாநகருக்கு வந்து தலைமுறைகளாக வாழும் நம்மனோர்க்கு அது எவ்வாறு பயன்படும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

தொல்காப்பியர் வைத்த வரம்பு

தமிழில் அளவைக்குத் தனிநூல் தோன்றுமுன்னரே இலக்கணத்துள் அதன் வித்து விதைக்கப்பட்டிருந்தது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வினாவும் விடையும் வழுவாமல் காக்கப்பட வேண்டும் என்கிறார். ஐயம் எழுந்த இடத்தில் எவ்வாறு பேசுவது என்பதற்கும் விதி வகுக்கிறார். மாலை மங்கிய வேளையில் தொலைவில் ஏதோ ஒன்று நிற்கிறது. அது மரக்குற்றியா மனிதனா என்று தெரியவில்லை. அப்போது 'அவன்' என்றும் கூறலாகாது. 'அது' என்றும் கூறலாகாது. இரண்டுக்கும் பொதுவாக 'உருவு' என்றே கூற வேண்டும் என்பது தொல்காப்பிய மரபு. உரையாசிரியர்கள் குற்றியையும் மகனையுமே இதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தனர்.

இவ்விதியின் நுட்பத்தைச் சற்றே நின்று எண்ண வேண்டும். நாம் எவ்வளவு அறிந்தோமோ அவ்வளவே நம் சொல் கூற வேண்டும். அறிவைக் கடந்து சொல் ஓடலாகாது என்பது இதன் கருத்து. இலக்கணப் பிழைக்கும் பொய்ம்மைக்கும் உள்ள உறவை இவ்விடத்தில் தமிழ் மரபு கண்டுகொண்டது. மரபியலில் நூலுக்குரிய உத்திகளாக முப்பத்திரண்டைக் கூறும் தொல்காப்பியம், நூலுக்கு ஆகாத குற்றங்களையும் எண்ணுகிறது. முன்னுக்குப்பின் முரணாக மொழிதலாகிய மாறுகொளக் கூறல் அக்குற்றங்களுள் ஒன்று. ஒரு கூற்றும் அதன் மறுதலையும் ஒருங்கே மெய்யாதல் இயலாது என்னும் தருக்க அடிப்படையே இங்கு நூற்குற்றமாக நின்றது.

வஞ்சியில் கேட்டவை

அளவைக் கலையை விரிவாகத் தமிழில் தந்த பழங்காப்பியம் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. இக்காப்பியத்தை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898-ஆம் ஆண்டு பதிப்பித்தார். ஏட்டில் கண்ட பௌத்தக் கோட்பாடுகளைப் புரிந்துகொள்ள மளூர் ரங்காசாரியார் என்னும் அறிஞர் அவருக்குத் துணைநின்றார். அப்பதிப்பு வெளிவந்த பின்னரே, தமிழில் இத்துணைத் தருக்கச் செல்வம் உண்டு என்பதைப் படித்தோர் உணர்ந்தனர்.

காப்பியத்தின் இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகளைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுபவன் அளவைவாதி. அளவைகளை வேதவியாதர் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் கொண்டதாக அவன் உரைக்கிறான். கண்ணும் செவியும் முதலாய பொறிகளால் அறிவது காண்டல். அடையாளம் கொண்டு ஊகித்து அறிவது கருதல். ஒப்புமையால் அறிவது உவமம். நூலுரையால் அறிவது ஆகமம். கங்கையில் ஆயர்குடி உள்ளது என்றால் ஆற்று நீரின்மேல் என்று கொள்ளாமல் கரையில் என்று கொள்வது அருத்தாபத்தி. இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதைக் கொள்வது ஐதிகம். ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை என்று அறிவது அபாவம். இவ்வாறு பட்டியல் விரிகிறது.

கருதலை மூவகையாகப் பிரித்து அவன் காட்டும் எடுத்துக்காட்டுகள் எளிமையானவை. காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டு என உணர்வது ஒன்று. ஆற்றில் வெள்ளம் கண்டு மேற்புறத்தில் மழை பெய்தது எனத் துணிவது மற்றொன்று. கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை வரும் எனக் கூறுவது மூன்றாவது. முதலாவதில் நிகழ்வதும், இரண்டாவதில் நிகழ்ந்ததும், மூன்றாவதில் நிகழப்போவதும் கருதப்படுகின்றன.

அறிவின் வழிகளைச் சொன்னவன், அறிவுபோல் தோன்றி ஏமாற்றுவனவற்றையும் எட்டாக எண்ணுகிறான். இப்பியைக் கண்டு வெள்ளி என மயங்குவது திரியக்கோடல். தறியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தறியை மனிதன் எனத் துணிந்துவிடுவது தேராது தெளிதல். புலியைக் கண்ணால் கண்டும் இன்னதென்று அறியாதிருப்பது கண்டுணராமை. முயற்கொம்பு போல உலகில் இல்லாத ஒன்றைச் சொல்லளவில் வழங்குவது இல்வழக்கு. பிறர் சொன்னார் என்பதற்காகவே, காரணம் ஏதும் வினவாமல், இவரே தாய் இவரே தந்தை எனக் கொள்வது நினைப்பு. தொல்காப்பிய உரைகளில் நாம் கண்ட குற்றியும் மகனும் இங்கும் தறியும் மகனுமாக வந்து நிற்பது கருதத்தக்கது. ஐயத்தை ஐயம் என்றே சொல்பவனிடம் இலக்கணமும் அளவையும் குறை காண்பதில்லை. ஐயத்தைத் துணிவாக மாற்றிப் பேசுபவனையே இரண்டும் கண்டிக்கின்றன.

காஞ்சியில் கற்றவை

இருபத்தொன்பதாம் காதையில் களம் காஞ்சிக்கு மாறுகிறது. அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையைக் கற்பிக்கிறார். பத்தாக விரிந்த அளவைகள் இங்கு இரண்டாகச் சுருங்குகின்றன. காண்டல் ஒன்று, கருதல் ஒன்று; ஏனையவெல்லாம் கருதலுள் அடங்கும்.

கருதலை முறைப்படி வெளியிட ஐந்து உறுப்புகள் கூறப்பட்டன. நிறுவ வேண்டிய கூற்று பக்கம். அதற்குரிய காரணம் ஏது. துணையாக வரும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். பொருத்திக் காட்டல் உபநயம். முடித்துக் கூறல் நிகமனம். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். பின்னிரண்டும் திட்டாந்தத்துள்ளேயே அடங்கும் என்பது அடிகள் கொள்கை. அரிஸ்டாட்டிலின் நெறியில் பொதுவிதி முதலில் நின்று, அதன்கீழ் தனிப்பொருள் அடக்கப்படும். நம் நாட்டு நெறியிலோ, பொதுவிதி நாம் அறிந்த ஓர் அடுக்களையைத் தன்னோடு அழைத்துக்கொண்டே வரும்.

ஏது நல்ல ஏதுவாவதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். நாம் பேசும் பொருளில் அது இருத்தல் வேண்டும். அதனை ஒத்த பிற பொருள்களிலும் காணப்படல் வேண்டும். ஒவ்வாத பொருள்களில் அறவே இல்லாதிருத்தல் வேண்டும். மூன்றாவதே பலரும் மறப்பது. புகை அடுக்களையில் உண்டு என்று காட்டினால் மட்டும் போதாது. நெருப்பில்லாத நீர்நிலையில் புகை இல்லை என்றும் காட்ட வேண்டும். தன் கருத்துக்கு ஆதரவான சான்றுகளையே தேடித் தொகுப்பவன் பாதி வேலையையே செய்தவனாகிறான்.

பின்னர்ப் போலிகள் வருகின்றன. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து, ஆக முப்பத்துமூன்று. ஒலி செவிக்குப் புலனாகாது என்று கூறுவது காட்சிக்கு மாறான கூற்று. என் தாய் மலடி என்பவன் கூற்று தன்னையே மறுக்கும் கூற்று. ஒலி நிலையற்றது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்று ஒருவன் வாதிட்டால், அறியப்படுதல் நிலையற்ற பொருளுக்கும் நிலைத்த பொருளுக்கும் பொதுவாதலின் அந்த ஏது எதையும் நிறுவாது. இதற்குச் சாதாரணம் என்று பெயர்.

இந்த முப்பத்துமூன்றின் எண்ணிக்கையும் வரிசையும் சங்கரசுவாமி இயற்றிய நியாயப் பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு ஒத்திருப்பதை அறிஞர் கண்டனர். அந்நூல் தின்னாகரின் மரபில் வந்தது. இதனைக்கொண்டு மணிமேகலையின் காலத்தைப் பற்றிப் பெரிய வாதம் எழுந்தது. அளவைப் பகுதி தின்னாக மரபுக்குப் பிற்பட்டது என்றார் மகாமகோபாத்தியாய எஸ். குப்புசாமி சாஸ்திரியார். தின்னாகருக்கும் முற்பட்ட நிலையையே அது காட்டுகிறது என்று வாதிட்டார் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார், அவரது ஆய்வுநூல் 1928-இல் வெளிவந்தது. தருக்கத்தைக் கற்பிக்கும் பகுதியே தருக்கத்துக்குரிய பொருளாயிற்று. இரண்டு நூல்கள் ஒத்திருத்தல் என்னும் ஏது, ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது என்பதற்கும் பொருந்தும். இரண்டும் மூன்றாவதொன்றைப் பின்பற்றின என்பதற்கும் பொருந்தும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முப்பதாம் காதையில் வினாக்களுக்கு விடையளிக்கும் முறை நான்காகச் சொல்லப்படுகிறது. தோன்றியது அழியுமோ என்றால் அழியும் எனத் துணிந்து கூறலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானோ என்றால், பற்று நீங்கி இறந்தவனையா, நீங்காது இறந்தவனையா கேட்கிறீர் எனக் கூறிட்டு மொழிய வேண்டும். முட்டை முந்தியதோ பனை முந்தியதோ என்றால், எந்த முட்டைக்கு எந்தப் பனை என வினாவாலேயே விடுக்க வேண்டும். ஆகாயப் பூ பழையதோ புதியதோ என்பானுக்கு வாய்வாளாமையே விடை. எல்லா வினாவுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என விடை கேட்டு நெருக்குவோர் இந்நான்கையும் ஒருமுறை படித்தல் நன்று.

வாதமும் வழக்கும்

மணிமேகலைக்குப் பின்னும் இம்மரபு ஓயவில்லை. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியும், அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியும் வாதத்தையே கதையாக்கின. நாவற்கிளையை நட்டு, வல்லார் வந்து வாதிடுக என அறைகூவும் வழக்கம் அந்நாளில் இருந்தது. இவ்விரு காப்பியங்களிலும் வாதிடும் தலைவியர் பெண்களே; மணிமேகலையும் பெண்ணே. தருக்கம் ஆடவர்க்கே உரியது என்னும் கூற்றுக்கு நம் இலக்கியமே மறுப்பு.

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அளவைகளை முதற்கண் ஆராய்ந்து, ஆறென்றும் பத்தென்றும் விரிவனவெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கித் தந்தார். பௌத்தரும் சமணரும் சைவரும் கொள்கையால் மாறுபட்டனர். ஆயினும் மாறுபாட்டை அளக்கும் கோல் ஒன்று வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர்.

மும்பையில் தேர்வன

இனி இக்கோலை நாம் வாழும் நகரின்மீது வைத்துப் பார்ப்போம். ஆற்று வெள்ளம் கண்டு மேற்புறத்து மழையைக் கருதுவது அளவைவாதியின் எடுத்துக்காட்டு. தாராவியை ஒட்டி மாகிம் கழிமுகத்தில் கலக்கும் மித்தி ஆற்றைக் கண்டிருந்தால் அவன் ஒரு சொல் கூட்டியிருப்பான். கடல் ஏற்றத்தின்போது மழைநீர் வடிய வழியின்றிச் சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் நீர் தேங்குவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. ஒரே விளைவுக்குக் காரணம் பல இருக்கக்கூடும். விளைவைக் கண்டவுடன் ஒரு காரணத்தைப் பற்றிக்கொள்வது தேராது தெளிதல் ஆகும்.

காரணத்தைப் பிழையாகப் பற்றிக்கொண்டதன் துன்பத்தை நம்மவர் நேரிலும் பட்டனர். 1966-இல் சிவசேனை தோன்றிய காலத்தில், பம்பாயின் அலுவலகப் பணிகளைத் தென்னாட்டார் கவர்ந்துகொண்டனர் என்னும் கூற்று எங்கும் முழங்கியது. 'மார்மிக்' வார இதழில் தென்னாட்டுப் பெயர்களின் பட்டியல்கள் வெளிவந்தன. லுங்கி உடுத்தியவரை விரட்டுக என்னும் முழக்கம் எழுந்தது. தென்னாட்டார் உணவகங்கள் தாக்கப்பட்டன. அறவண அடிகள் வகுத்த முறையில் இக்கூற்றை நிறுத்துப் பார்ப்போம். மராத்தி இளைஞர் பலர் வேலையின்றித் துன்புற்றனர் என்பது மெய். அதனை மறுத்தல் நேர்மையன்று. சில அலுவலகங்களில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற தென்னாட்டார் மிகுதியாக இருந்ததும் மெய். இவ்விரண்டிலிருந்து, பின்னதே முன்னதற்குக் காரணம் என்பது தானே பெறப்படுமா? பெயர்களைப் பொறுக்கித் தொகுத்த பட்டியல், பொறுக்காது விட்ட பெயர்களைப் பற்றி ஒன்றும் கூறாது. ஒவ்வாத இடங்களையும் நோக்க வேண்டும் என்னும் மூன்றாம் தகுதி அங்கே இல்லை. 1961 மக்கட்கணக்கின்படி தென்னாட்டு மொழிகள் நான்கும் பேசுவோர் நகர மக்களில் பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. தாராவியில் தோல் பதனிட்ட தமிழரும், மூட்டை சுமந்த தமிழரும் அப்பட்டியல்களில் இடம்பெறவே இல்லை. 'தென்னாட்டார்' என்னும் ஒரு சொல் அவர்களையும் அலுவலரோடு சேர்த்துக் கட்டியது. அடி விழுந்தபோது இருவர்மேலும் விழுந்தது.

பிறர் கூற்றை அளக்கும் கோலால் நம் கூற்றையும் அளக்க வேண்டும். தாராவியைத் தமிழரே உருவாக்கினர் என்று நம் மேடைகளில் பேசுகிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோல் தொழிலை வளர்த்தனர். அங்குள்ள பெரிய மசூதி 1887-இல் தமிழ் முஸ்லிம்களால் எழுப்பப்பட்டது. இவை நமக்குப் பெருமை தருவன. ஆயினும் அதற்கு முன்பே தாராவி கோலி மீனவரின் ஊர். பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக 1909-ஆம் ஆண்டு அரசு விவரச்சுவடி அதனைக் குறிக்கிறது. சௌராட்டிரக் குயவரும் அங்கே சூளையிட்டனர். ஆகவே 'தமிழரும் உருவாக்கினர்' என்பது மெய். 'தமிழரே' என்பது பொய். உம்மைக்கும் ஏகாரத்துக்கும் இடையே ஒரு வரலாறு மாறிவிடுகிறது.

தாராவி ஆசியாவின் மிகப் பெரிய சேரி என்பது உலகெங்கும் வழங்கும் மற்றொரு கூற்று. பரப்பாலா, மக்கள்தொகையாலா என்று கேட்டால் சொல்வோர் மயங்குவர். தாராவியின் மக்கள்தொகையை மூன்று லட்சம் என்பாரும் உண்டு. பத்து லட்சம் என்பாரும் உண்டு. கராச்சியின் ஒராங்கி அதனினும் பெரிது என்பாரும் உளர். எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று வினாவி விடுக்க வேண்டிய இடம் இது. வழிவழியாகச் சொல்லப்படுகிறது என்பது ஒன்றே இக்கூற்றின் வலிமை. அது ஐதிகம், மரத்துப் பேய்க்கு உள்ள சான்றே இதற்கும் உண்டு.

இறுதியாக ஒன்று, பல குடும்பங்களின் கூரையைத் தொடுவது. தாராவி மறுகட்டுமானத் திட்டம் 2004-இல் முன்வைக்கப்பட்டு, 2022-இல் அதானி குழுமம் ஏலத்தில் வென்ற பின், 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்வந்தோர்க்கு விதி வேறு, இடமும் வேறு என வகுக்கப்பட்டது. 'இவர் அந்நாளுக்கு முன்பே இங்கிருந்தார்' என்னும் ஒற்றைக் கூற்று மெய்யா பொய்யா என்பதில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் தொங்குகிறது.

இங்கே அபாவம் என்னும் அளவையை நினைவுகொள்ள வேண்டும். ஒரு பொருள் ஓரிடத்தில் இல்லை எனக் கண்டால், அவ்விடத்தில் அது இல்லை என்பதே பெறப்படும். பெட்டியில் தாள் இல்லை என்பதிலிருந்து பெட்டியில் தாள் இல்லை என்பதே தெரியவரும். வீட்டில் ஆள் இருந்ததில்லை என்பது தெரியவராது. மழைவெள்ளத்தில் குடும்ப அட்டை நனைந்து அழிந்தவர் உண்டு. தந்தை பெயரில் இருந்த மின்கட்டணச் சீட்டை மாற்றாது விட்டவர் உண்டு. வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்றிதழ் எனப் புகைபோல் எழுந்து நெருப்பைக் காட்டும் அடையாளங்கள் வேறும் உள. அவற்றைத் தேடித் தொகுத்தல் குடும்பத்தார் கடன். தாளின் இன்மையை ஆளின் இன்மையாகக் கொள்ளாதிருத்தல் தேர்வோர் கடன். இதே நேர்மை நம்மையும் கட்டும். இல்லாத குடியிருப்பை இருந்ததாகக் காட்டும் போலித்தாள் முயற்கொம்பே ஆகும். அதனால் அடுத்த கதவில் காத்திருப்பவரின் மெய்யும் ஐயத்துக்கு உள்ளாகும்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இந்தியிலும் பயில்கின்றனர். தமிழ் அவர்களுக்குப் பாட்டும் பழங்கதையும் மட்டுமே தரும் மொழியாகத் தோன்றக்கூடும். கூற்றைக் கூறுபடுத்தவும், காரணத்தை உரைத்துப் பார்க்கவும், போலியைப் பெயர்சொல்லி அழைக்கவும் வேண்டிய சொற்களெல்லாம் இம்மொழியில் நெடுங்காலமாக உள்ளன என்பதை அவர்களுக்குக் காட்டுதல் வேண்டும். செய்தித்தாளிலோ கைபேசியிலோ ஒரு கூற்று வரும்போது, 'இது காண்டலா, கருதலா, வெறும் ஐதிகமா?' என்று வீட்டில் ஒருமுறை கேட்கும் வழக்கத்தைப் பெற்றோர் தொடங்கி வைப்பாராக. தமிழ்ச் சங்கங்கள் மணிமேகலையின் அவ்விரு காதைகளையும் எளிய உரையோடு பாடம் சொல்ல முன்வருமாயின், அது நம் தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் செய்யும் நற்றொண்டாகும்.